ஷீட்டுக்கு அடியில் பகல் தூக்கம்

எனக்கு மத்தியானத்தில் வீட்டுக்குள் இருக்கத் தெரியாது. எந்த வீடாக இருந்தாலும் சரி, சாப்பிட்டுக் கை கழுவியதும் கால் வாசலைத் தேட ஆரம்பித்துவிடும். விடுதியில் என்னோடு தங்கியிருந்தவள், "உனக்குக் கால்ல சக்கரமா கட்டி விட்டிருக்காங்க?" என்று கேட்பாள். ஆராய்ச்சிக்கூடத்தில் என் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். நின்றபடியே கணினியைப் பார்ப்பேன். நடந்தபடியே யோசிப்பேன். யோசனை பாதியில் இருக்கும்போதே டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன்.

இந்த வியாதி ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் பிடித்தது. அங்கே ஒரு லைன் வீட்டில் வளர்ந்தேன். பக்கத்துச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். மேலே சிமெண்ட் ஷீட். லைனின் ஒரு முனையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் வேலை. இரும்பு உருக்கும் உலை அங்கே ராத்திரியில்தான் ஓடும். அதனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா காலையில் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார்.

அவர் படுத்ததும் அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வாசற்படியில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவாள். "அப்பா தூங்கறாரு, வெளிய போ." என் பெயரைவிட அதிகமாக நான் கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். மத்தியானத்தில் எங்கள் வீட்டில் குக்கர் விசில் கேட்காது. பாத்திரம் கழுவினால் அடியில் துணி விரித்துத்தான் கழுவுவாள். பழ வண்டிக்காரர்கூட எங்கள் வாசலைத் தாண்டும்வரை வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை மறந்துபோய்க் கூவியவரை அம்மா தெருமுனைவரை துரத்திக்கொண்டு போய்க் கிசுகிசுப்பாகவே திட்டிவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் தெருவில்தான் கிடப்பேன். கம்பெனிச் சுவர்களை ஒட்டி நடப்பேன், லாரிகளில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படிப்பேன், திரும்பவும் நடப்பேன். சாயங்காலம் அப்பா கதவைத் திறக்கும்போது கண் சிவந்திருக்கும். உலையைப் பார்க்கிற கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அம்மா டீயைக் கையில் கொடுத்து, "தூங்கனீங்களா?" என்பாள். "நல்லாத் தூங்கனேன்" என்பார். உடனே அம்மா முகத்தில் ஒரு திருப்தி வரும். அன்றைக்கு அவள் சமைத்தது, துவைத்தது, தண்ணீர் பிடித்தது எதுவும் பொருட்டில்லை, அவர் தூங்கியது ஒன்றுதான் அவள் செய்து முடித்த வேலை என்பதுபோல இருக்கும்.

நான் பெங்களூரு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். வார நாட்களில் விடுதி, ஞாயிற்றுக்கிழமை வீடு. வீடுகளுக்குள் சூடு எப்படிச் சேர்கிறது, எப்படி வெளியேறுகிறது என்பதுதான் என் பொருள். அதைக் கேட்டு ஓசூர்க்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓசூர் என்றாலே குளுகுளு ஊர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. ரோஜா வளர்கிற ஊரில் என்ன சூடு என்று என் வழிகாட்டியே கேட்டார். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே ரோஜா வளர்வதில்லை சார் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆனால் தலைப்பு பிடித்துவிட்டது.

அது ஒரு கூட்டு ஆய்வு. எங்கள் துறை கருவி வைத்துச் சூட்டை அளக்கும். சமூகவியல் துறை அதே வீடுகளில் குடியிருப்பவர்களிடம் பேசும். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு அந்த வீடுகள் ஏற்றவையா என்பதுதான் கேள்வி. ஏற்றவை இல்லை என்று அறிக்கை சொன்னால், ஷீட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்பு போட்டுக் கொடுக்கும் ஒரு திட்டத்தில் இந்த லைன் வீடுகளையும் சேர்ப்பதாகப் பேச்சு இருந்தது. என் பட்டம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் எனக்குப் பட்டத்தைவிட அந்தத் தடுப்புதான் முக்கியம். அப்பா ஓய்வு பெறுவதற்குள் ஒரு கோடையாவது அதற்குக் கீழே அவர் படுக்க வேண்டும் என்று இருந்தது.

சமூகவியல் துறையிலிருந்து வந்தவர் ஒரு மேடம். கன்னடக்காரர். தமிழைக் களப்பணியில் கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் பேச்சில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்கள் எல்லாம் கலந்து வரும். நாம் எந்தச் செய்தியைச் சொன்னாலும் முதலில் "ஹௌதா?", அதாவது அப்படியா, என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். என் வழிகாட்டிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், எண் சொல்லாது என்பது சாரின் கட்சி. எண்ணுக்கு வாயே கிடையாது, அது எப்படி உண்மை பேசும் என்பது மேடத்தின் கட்சி. இரண்டு பேருக்கும் நடுவில் தேநீர்க் கோப்பைகளை நகர்த்திக்கொண்டு நான் நின்றிருப்பேன்.

சொந்த வீட்டை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் லைனில் இருந்த பெண்கள், "மொதல்ல உங்க வூட்டுல மாட்டு, அப்பறம் நாங்க மாட்டிக்கறோம்" என்றுவிட்டார்கள். அதனால் எங்கள் வீட்டிலும் ஒரு கருவி ஒப்புக்குச் சப்பாணியாகத் தொங்கியது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சின்னதாக ஒரு பச்சை விளக்கு. சுவரில் மாட்டிவிட்டால் தானாகவே பகலும் இரவும் சூட்டைப் பதிந்துகொண்டிருக்கும். மாதக் கடைசியில் எடுத்துக் கணினியில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

மாட்டப்போன அன்றைக்கு அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "யுனிவர்சிட்டில இருந்து வருதுல்ல" என்றாள். பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கருவியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது என்னா பாக்கும் கண்ணு?" என்று கேட்டார். "வீடு எப்படி இருக்குன்னு பாக்கும்க்கா" என்றேன். ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த வீட்டுக்கு ஆணியும் சுத்தியலுமாக ஓடினேன்.

மேடம் வந்து வீடு வீடாகப் பேசினார். எங்கள் வீட்டில் அப்பாவிடம் பேசும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார். வெளியே அனுப்பப்படுவது எனக்குப் புதிதல்ல. ஒற்றைச் செங்கல் சுவர், உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

"பகல்ல தூக்கம் வருதாங்க?"

"வருதுங்கம்மா. படுத்தா போதும், எழுந்திருக்கவே மாட்டேன்."

"சூடு தொந்தரவு இல்லியா?"

"பழகிப் போச்சுங்க. நாங்க உலைகிட்ட நிக்கறவங்க. இதெல்லாம் ஒரு சூடா?"

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பதில். பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் வீடு நல்ல குளிர்ச்சி என்று சொன்னார்கள்.

கோடை நடுவில் முதல் தொகுதி அளவுகளைக் கணினியில் போட்டோம். மேடம் தன் பேட்டிகளோடு வந்து உட்கார்ந்தார். சார் வரைபடங்களைத் திரையில் விரித்தார். சூடு காலையில் ஏறுகிறது, ஆனால் பயந்த அளவுக்கு ஏறவில்லை. மத்தியானத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. பேட்டிகளிலும் தூக்கம் நன்றாக இருக்கிறது என்று வருகிறது. சாரும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல நாள் பேசாமல் இருந்த சம்பந்திகள் கல்யாண வீட்டில் பேச ஆரம்பித்ததுபோல அந்த அறையே மாறிவிட்டது. இரண்டு துறைகளும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன, இதுவே ஒரு கட்டுரைக்குப் போதும் என்றார் சார். மேடம் சிரித்தபடி, "ஹௌதா?" என்றார். இந்த வீடுகள் பகல் தூக்கத்துக்குப் பெரும்பாலும் ஏற்ற நிலையில் உள்ளன என்ற வரியை அன்றைக்கே எழுதிவைத்தார்கள்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்த வீட்டுக்குள் நான் பிறந்து வளர்ந்திருக்கிறேன். மே மாத மத்தியானத்தில் அந்தச் சுவரில் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கருவியில் கோளாறு என்று நினைத்து ஒவ்வொன்றையும் சோதித்தேன். கருவிகள் சரியாகத்தான் இருந்தன. அப்படியென்றால் என் நினைவில்தான் கோளாறா என்று பயம் வந்தது. சின்ன வயதில் வெளியே துரத்தப்பட்ட கோபத்தில் நானே வீட்டைக் கொதிக்க வைத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். எந்த நினைப்போடும் உட்கார முடியாமல் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். காவலாளி என்னைத் தொலைந்துபோன ஆள் என்று நினைத்து வழி சொன்னார்.

திரும்பி வந்து எல்லா வீட்டு வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. மத்தியானச் சூடு உச்சிக்குப் போகிற நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கோடு சட்டென்று சரிகிறது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் முதலில், பிறகு அடுத்த வீட்டில், அப்படியே லைனின் மறுகோடிவரை. யாரோ நடந்து போனதுபோல இருந்தது. பக்கத்தில் ஏதாவது புதுக் கட்டடத்தின் நிழல் விழுகிறதா பார் என்றார் சார். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் பக்கம் அவ்வளவு உயரமாக எதுவும் இல்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சரிவு கிடையாது. நிழல் லீவு எடுக்குமா?

மறுநாள் காலையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். அத்திப்பள்ளியில் நெரிசல். பஸ் நகரவில்லை. டிரைவரின் முதுகைப் பார்த்து மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஓசூர் எல்லையில் இறங்கி, கிடைத்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சரியான உச்சியில் இருந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் மேல் அம்மா. கீழே பக்கத்து வீட்டு அக்கா குடம் ஏந்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஷீட்டின் மேல் வரிசையாகச் சாக்குகள் விரித்திருந்தன. அம்மா ஒரு சத்தமும் இல்லாமல், கோயிலில் அபிஷேகம் செய்கிற நிதானத்தோடு, அவற்றின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டிப் பக்கம் இருந்த அடுத்த வீட்டுக் கூரையிலும் ஈரச் சாக்கு. அதற்கடுத்த வீட்டிலும். எங்கள் வீட்டுக்கு அப்புறம் இருந்தவை இன்னும் காய்ந்து கிடந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே அப்பா.

அம்மாவை ஏணியிலிருந்து இறக்கி, தொட்டிப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "என்னம்மா பண்றீங்க?"

"தண்ணி ஊத்தறோம். துணி அலசன தண்ணிதான், வேற தண்ணி இல்ல."

"எதுக்கு?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்ற பார்வை. "மிஷின் பாக்குதுல்ல. வூடு கொதிக்குதுன்னு எழுதிகினு போனா நம்ம வூட்டு மானம் என்னாத்துக்கு ஆவறது? உன்ன அந்த வூட்டுப் பொண்ணுன்னு தானே பேசுவாங்க?"

அக்கா குறுக்கே வந்தார். "மார்க்கு கொறஞ்சா உனக்குத்தான கண்ணு கஷ்டம்? அதான் எல்லாரும் சேந்து ஊத்தறோம். ஒரே ஏணிதான் இருக்குது. ஒவ்வொரு வூடா வரதுக்கு நேரம் ஆவுது."

"ஞாயித்துக்கெழம ஏன் ஊத்தல?"

"அன்னிக்கு மிஷினுக்கு லீவு இல்லியா?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. மேடத்திடம் வீடு குளிர்ச்சி என்று சொன்னதும் இதே கணக்குத்தான் என்று புரிந்தது. விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை மறைத்து வைப்பதுபோல, லைன் முழுக்கச் சேர்ந்து சூட்டை மறைத்து வைத்திருக்கிறது. எண்ணும் பேச்சும் ஒத்துப்போனது அதனால்தான். இரண்டுக்கும் இவர்கள்தான் சாட்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மிஷின் மார்க் போடாது, வீடு கொதிக்கிறது என்று தெரிந்தால்தான் உங்களுக்கு நல்லது என்று படபடவென்று விளக்கினேன். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப ஊத்த வேணாமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பாவம், முழங்கால் வலியோடு தினமும் குடம் தூக்கியிருக்கிறார்.

"ஊத்தினா நல்லதுதானேக்கா, ஆளுங்க தூங்குவாங்க."

"நல்லதுதான். ஆனா நமக்குன்னு தெனம் எவ ஏணி ஏறுவா? மிஷின் இருக்கற வரைக்கும் ஊத்தறோம்."

அம்மா மட்டும் சாக்கு காய்கிறதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு சொல்லட்டா? இதுக்கு ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து உங்கப்பாரு கொறட்ட உடறாரு. வெளிய வரைக்கும் கேக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. என் கவலை முழுக்க அந்த வரியில் இருந்தது. ஏற்ற நிலையில் உள்ளன என்று எழுதிவைத்த வரி.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு பேரிடமும் சொன்னேன். மேடம் "ஹௌதா?" என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு சார், எல்லா வீட்டிலும் தண்ணீரை நிறுத்தச் சொல்லி மறுபடி அளக்கலாம் என்றார். மேடம் மறுத்துவிட்டார். தூங்கிக்கொண்டிருக்கிற மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்து நாம் ஆய்வு செய்யக் கூடாது, அவர்களாக நிறுத்தினால் வேறு விஷயம் என்றார். எனக்கு மேடம் சொன்னது சரி என்றும் பட்டது, அவர்மேல் எரிச்சலும் வந்தது. நல்லவர்களாக இருந்துகொண்டே அந்தப் பொய்யான வரியை அச்சில் ஏற்றப்போகிறோமா?

"எங்க வீட்டில வைக்கிறேன்" என்றேன். "கணக்கில் சேராத வீடுதானே. தண்ணி இல்லாம ஒரு வாரம். தனிச் சோதனைன்னு வெளிப்படையா எழுதிடலாம்."

ஆள் இல்லாத வீட்டின் சூட்டை அளந்து பிரயோஜனம் இல்லை, அங்கே ஒருவர் படுத்திருக்க வேண்டும் என்றார் மேடம். மனித உடம்பும் சூட்டை வெளியிடும், அதனால் ஆள் வேண்டும் என்றார் சார். இந்த முறை இரண்டு பேரும் ஒத்துப்போனதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "தாராளமா வை. எனக்கென்ன, படுத்தா தூங்கிடுவேன்" என்றார். அவர் சொன்ன வேகத்தில் அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "உன் பரீட்சைக்கு அவரு ஏன் வேகணும்?" என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி.

நல்லவேளையாகப் பட்டறையில் உலையின் உள்பூச்சைப் புதுசாக்கும் வேலை வந்தது. அந்த வாரம் ராத்திரி ஷிப்ட் கிடையாது. பேரிகை கிராமத்தில் அத்தைக்குத் தக்காளி பறிக்க ஆள் இல்லை என்று அப்பா அங்கே கிளம்பினார். அவர் பாயில் நான் படுப்பது என்று முடிவாயிற்று. அப்பா பஸ் ஏறும் முன் என்னைப் பார்த்து, "உன்னால ஒரு எடத்துல கெடக்க முடியுமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன்.

சாக்குகளை எடுத்துவிட்டு, சுவரில் கருவியைச் சரிபார்த்துவிட்டு, அப்பா வழக்கமாகப் படுக்கிற நேரத்தில் படுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஷீட் வேலையை ஆரம்பித்தது. மேலிருந்து முகத்தின் மேல் ஒரு கனம் இறங்கியது. ஃபேன் ஓடியது. அதுவும் மேலே இருந்த சூட்டைத்தான் அள்ளிக் கீழே கொட்டியது. பாய் நனைந்தது. திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கமும் நனைந்தது. ஷீட் விரிந்து அங்கங்கே டிக் டிக் என்று சத்தம் கேட்டது. எழுந்து ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. வாசல் எட்டிவிடும் தூரத்தில் இருந்தது. வெளியே மரத்தடியில் காற்று அடிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வாசல் வழியாகத்தானே ஒவ்வொரு மத்தியானமும் நான் தப்பித்துப் போயிருக்கிறேன்.

வெளியே யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. உடனே அம்மாவின் குரல், தாழ்ந்து, கண்டிப்பாக.

"சத்தம் போடாதீங்க. உள்ள ஆளு தூங்குது. அந்தப் பக்கம் போங்க."

பந்துச் சத்தம் தேய்ந்தது. அக்கா வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. ஒரு மோட்டார் பைக் லைன் முனையிலேயே அணைக்கப்பட்டது, தள்ளிக்கொண்டு போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்காக ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தூங்கவில்லை.

அப்போது கதவு மெல்லத் திறந்தது. அம்மா எட்டிப் பார்க்கிறாள். யோசிக்கவே இல்லை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சைச் சீராக விட்டேன். புரளவில்லை. நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி காதுக்குள் இறங்கியது, அதையும் துடைக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். அவள் சேலை உரசும் சத்தம்கூடக் கேட்டது. அப்படியென்றால் அப்பாவுக்கும் கேட்டிருக்கும். எல்லாம் கேட்டிருக்கும். நான் வெளியே போகும்போது காலடிச் சத்தம் வராமல் நடந்தது, அம்மா துணி விரித்துப் பாத்திரம் கழுவியது, வண்டிக்காரர் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் அவர் இந்தப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். சாக்கு விரித்த பிறகுதான் அவருக்குக் குறட்டையே வந்திருக்கிறது.

நான் அழுதேன். சத்தம் வராமல் அழுதேன். அந்த வீட்டில் அதற்கு நல்ல பழக்கம் இருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அம்மா டீயைக் கையில் கொடுத்து என் முகத்தையே பார்த்தாள்.

"தூங்கனியா?"

அம்மா அன்று மத்தியானம் படியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே தெரிந்தது.

"நல்லாத் தூங்கனேன்மா."

"அதான பாத்தேன். ஒரு சத்தம் வர உட்டனா நானு?" என்றாள். அதே திருப்தி. சின்ன வயதில் நான் பார்த்த அதே முகம்.

வாரம் முழுக்கப் படுத்தேன். ஒரு நாளும் தூங்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அதே பதிலைச் சொன்னேன். கருவியில் பதிந்த கோட்டைப் பார்த்ததும் சார் தான் எழுதிய வரியைத் தானே அடித்தார். மேடம் என்னைப் பேட்டி எடுத்தார். தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலையும், வீட்டில் சொன்ன பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார். தன் பழைய பேட்டிகள் எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து படிக்கப்போவதாகச் சொன்னார். தடுப்பு வருமா வராதா என்று இதை எழுதும்வரை தெரியவில்லை. அறிக்கை எங்கோ ஒரு மேஜையில் இருக்கிறது.

அந்த வாரம் முடிந்ததும் லைனில் இருந்த கருவிகள் எல்லாவற்றையும் கழற்றினேன். இனிமேல் ஊற்ற வேண்டியதில்லை என்று அக்கா தன் சாக்குகளை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அப்பா அன்றைக்கே பேரிகையிலிருந்து ஒரு பை தக்காளியோடு வந்து, ராத்திரி வேலைக்குப் போய், மறுநாள் காலையில் திரும்பினார். ஆணி மட்டும் இருந்த சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கெடந்தியா?"

"கெடந்தேன்பா."

"ம்" என்றார். சாப்பிட்டார், படுத்தார்.

உச்சி வெயிலில் ஏணியைச் சாய்த்தேன். அம்மா கீழிருந்து குடத்தை நீட்டினாள். சாக்கை விரித்துத் தண்ணீரை ஊற்றினேன். சூடான ஷீட் சீறியது, பிறகு அடங்கியது. இறங்கி வந்து வாசற்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கம்போலக் கால் பரபரத்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.